அமுக்கியா, சுத்தியலா

தம்பிகளே,

நால்வர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். தகடுகளைச் சேர்த்து ரிவிட் அடிக்க எந்தக் கைக்கருவி வாங்கலாம், இரண்டு கைப்பிடியைச் சேர்த்து நெருக்கும் அமுக்கியா, அல்லது பழையபடி சுத்தியலா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு விலைப்பட்டியல். அதில் அமுக்கியின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு குறி. முடிவைச் செய்துவிட்டு என்னிடம் ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் என் கீழ் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் நேராகப் பதில் சொல்கிற ஆள் அல்ல. இப்போது வேலையும் கிடையாது, நேரமும் ஏராளம். பொறுமையாகப் படியுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே காரியத்துக்காக என்னிடம் ஒருவர் கேட்டார். நான் ஒரு நிமிஷத்தில் பதில் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முன்னால் நான் பாலம் கட்டுகிற கூட்டத்தில் ரிவிட் அடித்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிக்குக் குறுக்கே ரயில் பாலம். ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் செருகுவார்கள். பின்னால் ஒருவன் கனத்த இரும்புக்கட்டையை வைத்து அணை கொடுப்பான். முன்னால் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்து ஆணியின் வாலை நசுக்கித் தலையாக்க வேண்டும். சூட்டில் நீண்ட ஆணி ஆறும்போது சுருங்கி, இரண்டு தகட்டையும் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊர் முழுக்கக் கேட்கும் சத்தம், பார்ப்பதற்குக் கூட்டம், எங்களுக்குத் தலைகால் புரியாது.

எங்களுக்கு முன்னால் வேறொரு கூட்டம் போகும். தகட்டோடு தகட்டைச் சேர்த்து, துளைக்குத் துளை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, தற்காலிகமாக போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் போவது அவர்கள் வேலை. அதை நாங்கள் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. "மரை திருகுதவன்" என்று கேலி செய்வோம். சாப்பிடும்போது நிழலான இடம் எங்களுக்கு, வெயில் அவர்களுக்கு. ஏழு வருஷம் ரிவிட் அடித்தேன். இரண்டு தகடு எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கிறது என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

பாலம் முடிந்ததும் பாபநாசத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு பெரிய பிள்ளைமார் வீடு, நிறைய நஞ்செய், கொஞ்சம் தோட்டம். அந்த வீட்டு ஒரே மகன் சங்கரலிங்கம் பிள்ளை. ஊரில் சின்ன ஐயா என்பார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். சென்னையில் வக்கீலுக்குப் படிக்கப்போனவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சீமைப் பத்திரிகைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். மாட்டு வண்டி நிறுத்துகிற வண்டிப்புரையைக் காலி செய்துவிட்டு அதற்குள் ஒரு பறக்கும் மிஷின் கட்டத் தொடங்கியிருந்தார். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவே மரக்கால்கள், எல்லாவற்றையும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டும் கம்பிகள். எஞ்சின் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்திருந்தது.

ஊரே அவரைக் கிறுக்கு என்றது. அவருடைய தகப்பனார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இந்தக் கோடைக்குள்ள பறந்தாப் பற. இல்லேன்னா அம்புட்டும் வெறகு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். கோடை என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மிஷின் ஓடிக் கிளம்புவதற்குச் சமதளம் அந்த ஊரில் குளத்தின் தரை ஒன்றுதான். வைகாசி முடிகிற சமயம் கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிடுவார்கள், குளம் நிரம்பத் தொடங்கும். மேல்காற்றும் அப்போதுதான் எழும்பும். அதற்கு முன்னால் பறந்தால் உண்டு.

என் வேலை தகட்டு வேலை. பெட்ரோல் தொட்டி ஒன்று. பிறகு கம்பிகளின் நுனியைப் பிடித்துக்கொள்கிற சின்னச் சின்னத் தகட்டு மாட்டிகள், நாற்பது இருக்கும். அவற்றைக் காது என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு காதும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு, இரண்டு சிறிய ரிவிட். பறக்கும்போது இறக்கையைப் பிடித்துவைப்பது கம்பி, கம்பியைப் பிடித்துவைப்பது காது. காது விட்டால் இறக்கை விடும். உட்கார்ந்திருப்பவர் சின்ன ஐயா.

முதல் நாளே அவர் மேஜைமேல் இரண்டு கருவியை எடுத்துவைத்தார். ஒன்று சீமையிலிருந்து வரவழைத்த அமுக்கி. நீளமான இரண்டு கைப்பிடி, பெரிய பாக்குவெட்டி மாதிரி இருந்தது. இன்னொன்று சின்னச் சுத்தியலும் அணைக்கட்டையும். அவற்றோடு, நுனியில் துளை போட்ட ஒரு இரும்புக் குச்சியும் இருந்தது.

"நீருதான் வேலைக்காரர். எது வேணும்னு நீரே சொல்லும் வே" என்றார்.

நான் அமுக்கியை எடுத்து ஒரு துண்டுத் தகட்டில் இரண்டு ரிவிட் அமுக்கிப் பார்த்தேன். தலை கடைந்தெடுத்ததுபோல வந்தது. சத்தமில்லை. அணை கொடுக்க இன்னொரு ஆள் வேண்டாம். மெல்லிய தகட்டில் சுத்தியல் தவறினால் விழுகிற பிறைத் தழும்பும் இல்லை. நூறு அமுக்கினாலும் நூறும் ஒரே அச்சு. உங்கள் பென்சில் குறிக்கும் இதே காரணங்கள்தான் இருக்கும். எல்லாம் உண்மையான காரணங்கள், நான் மறுக்கவில்லை. "இதான் ஐயா" என்றேன். துளை போட்ட குச்சி எதற்கு என்று தெரியவில்லை. ஏழு வருஷ ரிவிட்காரன் அதைப்போய்க் கேட்பதா என்று கேட்கவும் இல்லை.

பங்குனியில் தொடங்கி வைகாசி பிறக்கும்போது எல்லாம் முடிந்தது. காதுகளை மாட்டி, கம்பிகளை இழுத்துக்கட்டி, இறக்கைக்குத் துணி போர்த்தி, கஞ்சி பூசிக் காயவைத்து, அதன்மேல் வார்னிஷும் அடித்துவிட்டார்கள். சின்ன ஐயா நாள் குறித்து, சப் கலெக்டர் வரைக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு ஐந்து நாள் இருக்கும்போது தொட்டியில் முதன்முதலாகப் பெட்ரோல் ஊற்றினோம். இணைப்பு வரிசை முழுவதும் ஒழுகியது.

நான் தகட்டைக் குறை சொன்னேன். இணைப்பில் உருக்கிப் பூசின ஈயம் சரியில்லை என்றேன். மறுபடி பற்றவைத்தேன், மறுபடி ஒழுகியது. சின்ன ஐயா யோசித்துவிட்டு, அவர்கள் தோட்டத்துக் கமலைக்குச் சால் செய்து கொடுக்கிற ஆசாரி வீட்டுக்கு ஆள் விட்டார். கமலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, கிணற்றிலிருந்து இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். அந்தச் சாலும் மெல்லிய தகடுதான், அதுவும் ரிவிட் அடித்ததுதான். எனக்கு அவமானமாக இருந்தது. பாலம் கட்டினவன் வேலையைச் சரிபார்க்கச் சால் செய்கிறவர்களா என்று மனதுக்குள் பொருமினேன்.

வந்தது ஆசாரியின் மனைவி. ஆசாரிக்குக் கண் மங்கிவிட்டதால் சில வருஷமாகச் சுத்தியலும் அந்த அம்மாள் கையில்தான். நாற்பது வயதிருக்கும். பேர் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை, பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்து, தொட்டியை மடியில் புரட்டிப் பார்த்தார்.

"தலையெல்லாம் நல்ல அழகாத்தான் இருக்கு. யாரு அண்ணாச்சி அடிச்சது?"

"நாந்தான். அடிக்கல, அமுக்குனது."

நான்கு ரிவிட்டின் தலையை உளியால் பைய வெட்டி, ஆணிகளைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். நான்கு ஆணிக்கும் நடு உடம்பில், அரைஞாண் கட்டினதுபோல ஒரு வளையம் புடைத்திருந்தது.

"ரெண்டு தகட்டையும் ஒட்டவைக்காம அமுக்கிப்புட்டியளோ? நடுவுல சந்து இருந்தா ஆணி அங்கன போயி ஊதிக்கிடும். பொறவு சந்து அடையவே அடையாது." மேஜையிலிருந்த துளைக் குச்சியை எடுத்தார். "அதுக்குத்தான இது. ஆணி வாலு இதுக்குள்ள போவும். மேல ரெண்டு தட்டு தட்டுனா தகடு ஒக்காந்துரும். பொறவுதான் தலை." தன் தலையிலிருந்து ஒரு முடியை இழுத்து, பிரிக்காத இணைப்பு ஒன்றில் ஈயத்தைச் சுரண்டிவிட்டு இரண்டு தகட்டுக்கும் இடையில் விட்டார். முடி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் ஆணியில் இடித்து நின்றது.

"சாலுன்னா ஒழுகிக் காட்டிக் குடுத்துரும். தண்ணி எறைக்கிற சம்சாரி வந்து வஞ்சிட்டுப் போவாரு" என்றார்.

பாலத்தில் அந்த வேலையை எனக்காக போல்ட்டுக்காரன் செய்துவைத்தான். மிச்சத்தை ஆறுகிற ஆணி செய்தது. இங்கே போல்ட்டுக்காரனும் இல்லை, சூடும் இல்லை. ரிவிட் வேலையில் பாதி எனக்குத் தெரியவே தெரியாது என்பதை அந்த அம்மாளின் முடி சொன்னது. அவமானம் போய் அந்த இடத்தில் பயம் வந்தது. தொட்டி ஒழுகிக் காட்டிவிட்டது. காதுகள் ஒழுகாது. நாற்பதும் துணிக்கும் வார்னிஷுக்கும் பின்னால் இருக்கின்றன.

நாற்பதுக்கு மேல் கூடுதலாகச் செய்து மிச்சமிருந்த இரண்டு காதுகளை வண்டிப்புரைக்குப் பின்னால் எடுத்துப்போய், என் குடுமியிலிருந்து முடி பிடுங்கி விட்டுப் பார்த்தேன். இரண்டிலும் போயிற்று.

ஒரு முழு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குள் வக்கீல் போல வாதம் நடந்தது. தொட்டியில் சந்து இருந்தால் ஒழுகும், காதில் சந்து இருந்தால் என்ன, ஆணி இருக்கிறதே, இழுவையைத் தாங்காதா? ஒரு காதை உத்தரத்தில் மாட்டி நெல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். தாங்கியது. இன்னொரு மூட்டை. அதையும் தாங்கியது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பு. தொட்டியைப் பிரித்துப் புதிதாக அடித்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம், ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டேன்: "சாலு பாரத்துல பிய்ஞ்சி பாத்திருக்கியளா?"

"சும்மா தொங்குனா எது பிய்யும் அண்ணாச்சி? ஆட்டத்துலதான் பிய்யும்" என்றார், தலை நிமிராமல்.

முன்பு ஒரு டின்னிலிருந்து பெட்ரோல் விட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அந்த வண்டிப்புரையே நடுங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. கையைக் கழுவிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்ச் சின்ன ஐயாவிடம் சொன்னேன்.

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். "மூடை தாங்கிச்சுன்னு நீரேதான சொல்லுதீரு? பொறவு என்ன வே?"

"ஆட்டத்துல தாங்குமான்னு தெரியல ஐயா."

"தாங்காதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுங்கதுக்காவ நான் இறக்கையக் கிழிக்கணுமா? மூணு நாளு இருக்கு. இன்னும் ஒரு வாரத்துல வாய்க்கால்ல தண்ணி வந்துரும். எங்கப்பா அந்தத் தாழ்வாரத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தொழிலில் நெருக்கடி என்பது இதுதான் தம்பிகளே. ஒடிந்துபோன பொருள் முன்னால் கிடந்தால் யார் வேண்டுமானாலும் முடிவெடுக்கலாம். நன்றாக இருக்கிற பொருளைக் காட்டி, இது சரியில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்கிறவர் ஆதாரம் கேட்பார். உங்களிடம் ஒரு மயிர்தான் இருக்கும்.

"கமலையில ஒரு நேரம் கட்டிப் பாப்போம் ஐயா. தாங்கிச்சுன்னா நான் வாயத் தொறக்கல" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் அணை கொடுக்க, துளைக் குச்சியால் தகட்டை உட்காரவைத்து, நான் சுத்தியலால் ஒரு புதிய காது அடித்தேன். என் வாழ்க்கையில் ஒழுங்காக அடித்த முதல் ரிவிட் அதுவாகத்தான் இருக்கும். தலை கொஞ்சம் கோணல். அதையும் என் அமுக்கிக் காது ஒன்றையும் சேர்த்துக் கோத்து, கமலை வடத்துக்கும் சாலுக்கும் நடுவில் கட்டினோம். இரண்டுக்கும் ஒரே பாரம், ஒரே ஆட்டம். கமலை அடிக்கிறவரை அன்றைக்கு வடத்தின்மேல் உட்காராமல் மாட்டுக்குப் பக்கவாட்டில் நடக்கச் சொன்னேன். வடம் அறுந்தால் ஆளோடு போகும்.

மாடுகள் இறங்கின, ஏறின. சால் வந்தது, கவிழ்ந்தது, போயிற்று. ஒவ்வொரு முறையும் சால் தண்ணீரை விட்டு மேலே எழும்பும்போது வடத்தில் ஒரு வெட்டு விழும். சின்ன ஐயா கிணற்று மேட்டில் நின்றபடியே பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். நானும் தோற்க ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறின சமயம் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். "மாட்டப் பிடிலே, பிடி" என்று கத்தினேன். சால் பாதிக் கிணற்றில் சாய்ந்து தொங்கியது. மேலே எடுத்துப் பார்த்தால் என் காதில் ஒரு ரிவிட்டின் தலை தெறித்துப்போயிருந்தது. இன்னொன்று துளையைக் கிழித்துக்கொண்டு கடைசி நூலில் நின்றது. கோணல் தலைக்காரன் போட்டது போட்டபடி இருந்தான்.

சின்ன ஐயா பிய்ந்த காதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நாப்பதையும் மாத்த எத்தன நாளு?"

"துணியப் பிரிக்கணும், திருப்பிப் போடணும். பத்து நாளு ஆவும் ஐயா."

"தண்ணி ஆறு நாள்ல வருது."

அவர் வண்டிப்புரைக்கு நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். இறக்கைத் துணியைத் தைத்த தையல்காரர் விட்டுப்போன கத்தரிக்கோலை எடுத்து, மேல் இறக்கையின் துணியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தன் கையாலேயே வெட்டினார். கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் வண்டிப்புரைக்குள் காலெடுத்து வைக்கவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

நானும் அந்த அம்மாளும் நாற்பது காதையும் புதிதாக அடித்து முடித்தோம். யாரும் செய்யச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. முடிக்கும்போது குளத்தில் முழங்கால் தண்ணீர். மேல்காற்று பனைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. தகப்பனார் சொன்ன சொல் தவறாதவர். மரமெல்லாம் அடுப்புக்குப் போயிற்று, எஞ்சினை நெல் அரைக்கிற மில்லுக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த கோடை வந்தபோது அந்த வண்டிப்புரையில் வண்டி நின்றது.

ஆகவே, எது வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமுக்கி கெட்ட கருவி அல்ல. வாங்குங்கள், வசதி இருந்தால். ஆனால் அமுக்கி தலையை மட்டும்தான் செய்யும். தகட்டை யார் ஒட்டவைக்கப்போகிறார்கள் என்று நால்வரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கான பிடிப்பான், போல்ட், துளைக் குச்சி எல்லாவற்றையும் முதலில் வாங்குங்கள், மிச்சத்தில் அமுக்கி. இன்னொன்று. புதிய தொழிலுக்குப் போகிறவன் தனக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். பழைய இடத்தில் தனக்காக யார் யார் என்னென்ன செய்துவைத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், மரை திருகுகிறவனிடமும்.

சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் சின்ன ஐயாவைப் பார்த்தேன். தகப்பனார் காலமாகி, அவரே பெரிய ஐயா ஆகியிருந்தார். உடம்பு பெருத்திருந்தது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே கைகாட்டிக் கூப்பிட்டார். அருகே போய், இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் அன்னைக்கு அந்தத் துளைக் குச்சி எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க பறந்திருப்பிய ஐயா. கெடுத்தது நாந்தான்."

அவர் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆணி தெறிச்சதும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா வே? அப்பாடான்னு இருந்துது. நாள் குறிச்சதுலேருந்து பயத்துல எனக்குச் சோறு எறங்கல, ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீரு வந்து நிறுத்திட்டீரு. உள்ளுக்குள்ள அம்புட்டு சந்தோசம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதாலதான் உம்ம மூஞ்சியில முழிக்க முடியல."

ரயில் வந்தது. அவருடைய பெட்டியை நான் தூக்கி உள்ளே வைத்தேன்.